பல்லுக்குள் சிறுதீ

"ரத்தம் நிக்கணும், என்சியோ. அது நின்னாத்தான் மேற்கொண்டு எதுவும் பண்ண முடியும்," என்றாள் பல் டாக்டர் ஹென்ரீக்கா.

என்சியோ பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஒரு பச்சை ரப்பர் விரிப்பு அவன் வாயை மூடியிருந்தது. அதிலிருந்த ஒரே துளை வழியாக இடது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல் மட்டும் வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை. வலி இல்லாததுதான் அவனைக் கலவரப்படுத்தியது. பக்கத்தில் சுவர் சரிகிறது, ஆனால் சத்தம் கேட்கவில்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

சொத்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டே போனவள், கடைசிச் சுரண்டலில் கையை நிறுத்திவிட்டாள். எதிரே இருந்த திரையில் அவனுக்கும் காட்டினாள். குழியின் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. உள்ளே இருக்கும் நரம்புச் சதை வெளியே தெரிந்துவிட்டது. அதன்மேல் மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதவிக்கு நின்ற தூயிரே கடிகாரத்தைப் பார்த்தாள். 

நரம்பு பிழைக்காது என்றால் என்ன ஆகும் என்பதைப் போன தடவையே ஹென்ரீக்கா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துச் சொல்லியிருந்தாள். "இந்தப் பல்லோட வேர் ரெண்டும் தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சு கெடக்கு. நரம்பு செத்துப்போனா வேருக்குள்ள எறங்கிச் சுத்தம் பண்ண வழியே இல்ல. பிடுங்கணும், அவ்வளவுதான்."

பிடுங்கினால் என்சியோவுக்கு மெல்ல வேறு பல் கிடையாது. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு கசப்புக் காப்பியை அதன் வழியாக உறிஞ்சுவது அவன் அப்பா காலத்துப் பழக்கம். வேலைக்கு வந்த சின்ன வயதிலிருந்து அப்படி உறிஞ்சி உறிஞ்சியே வலது பக்கத்தை முழுசாகக் காலி செய்திருந்தான். இடது பக்கம் கீழே மிச்சம் இருந்தது இது ஒன்று. கறுப்பு ரொட்டியை அரைத்தது இது. மீனை வைத்துச் சுட்ட ரொட்டியின் கெட்டி மேலோட்டை உடைத்தது இது. வாயில் எடுத்து மாட்டும் பல்வரிசையோடு அவன் அண்ணன் ஒருவன் வீட்டில் பால் கஞ்சி குடித்துக்கொண்டு இருந்தான். சாப்பாட்டு வேளையில் அண்ணன் வீட்டுக்குப் போவதையே என்சியோ விட்டுவிட்டான்.

ஹென்ரீக்கா பஞ்சை எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். இன்னொரு தடவை எடுத்தபோது பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

"நின்னுருச்சு," என்றாள் தூயிரே. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

இனி அந்தப் புள்ளிக்கு ஒரு மூடி போட வேண்டும். அதைப் பற்றியும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். "ரெண்டு மருந்து இருக்கு," என்று ஹென்ரீக்கா சொல்லியிருந்தாள். "ஒண்ணு சுண்ணாம்புப் பசை. எங்க வாத்தியாருக்கு வாத்தியார் காலத்துலேருந்து வெக்கிறது. இன்னொண்ணு சிமெண்ட். நீங்க கொத்து வேலையில போடுறீங்களே, அதுக்கு ஒறவுக்காரன். நல்லாச் சுத்தம் பண்ணி வாய்க்குள்ள வெக்கிற மாதிரி ஆக்கியிருக்காங்க. எது நரம்பை நல்லாக் காப்பாத்துதுன்னு ஒரு ஆராய்ச்சியில ஒப்பிட்டுப் பாக்குறோம். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். உங்களுக்கு எது விழுந்துதுன்னு ஆராய்ச்சி முடியுற வரைக்கும் சொல்ல மாட்டோம்."

"ஏன் சொல்ல மாட்டீங்க?"

"சொன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி வலிக்க ஆரம்பிச்சிரும் உங்களுக்கு."

அப்போது சிரித்துவிட்டுத் தலையாட்டியவன், இப்போது காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தான். முதுகுக்குப் பின்னால் தூயிரே ஏதோ ஒரு குப்பியை இயந்திரத்தில் மாட்டினாள். அது விர்ரென்று குலுக்கியது. தூளும் தண்ணீரும் கலக்கும் சத்தம். என்சியோவின் மனசு சட்டென்று முடிவு கட்டியது: சிமெண்ட்.

எல்லாம் மூடி முடித்த பிறகு தூயிரே சொன்னாள்: "ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் மெல்லாதீங்க."

"எனக்கு வேற பக்கம் இல்லியேம்மா."

"அப்போ கஞ்சிதான். மத்தபடி எப்பவும் போல இருங்க."

ஹென்ரீக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே சேர்த்துச் சொன்னாள்: "சில்லுனு ஏதாவது பட்டு வலி வந்து, வந்த கையோட போயிருச்சுன்னா பயப்படாதீங்க. நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம். வந்த வலி போகாம உக்காந்துக்கிச்சுன்னா உடனே போன் பண்ணுங்க. இல்லாட்டி ஆறு வாரம் கழிச்சுப் பாக்கலாம்."

*

ஏரிக்கரையில் ஒரு புது வீட்டில் என்சியோவும் கவுக்கோவும் கணப்பு கட்டி முடித்திருந்தார்கள். ஆளுயரத்துக்கு மேலே நிற்கும் செங்கல் கணப்பு. ஒரு தடவை எரித்தால் மறுநாள் வரை வீட்டைச் சூடாக வைத்திருக்கும். கணப்பு கட்டுவது என்சியோவின் வேலை. கவுக்கோ சுவர்க் கொத்தனார், புகைக்கூண்டுக்கும் பாரம் தூக்கவும் கூட வருவான். இருபது வருஷமாக இரண்டு பேரும் ஒருவர் முதுகுவலியை இன்னொருவர் கேலி செய்தே காலத்தை ஓட்டியவர்கள்.

"வாய்க்குள்ள சிமெண்டு வெச்சிருக்காங்களாமே? கம்பி கட்டினாங்களா, வெறுமனே ஊத்திட்டாங்களா?" என்றான் கவுக்கோ.

"சிரிக்காதய்யா. உள்ள நரம்பு தெறந்து கெடக்கு."

"சிமெண்டுன்னு அவங்க சொன்னாங்களா?"

"சொல்லல. சத்தம் கேட்டேன்."

"சத்தத்த வெச்சுக் கலவை சொல்றவன் நீ ஒருத்தன்தான்யா. சுண்ணாம்பா இருந்தா என்ன பண்ணுவே?"

என்சியோ இதை யோசித்தே பார்க்கவில்லை. சுண்ணாம்பு மெதுவாக இறுகும், மெதுவாகவே கரைந்தும் போகும். மழை படும் இடத்தில் பூசிய சுண்ணாம்பு என்ன ஆனது என்று அவன் பார்த்திருக்கிறான். வாய்க்குள் எப்போதும் மழைதானே. சிமெண்ட் என்றால் கெட்டி. ஆனால் சிமெண்டும் சரியாக இறுகாவிட்டால் மாவாய் உதிரும். எதுவானாலும் சாந்து வைத்தவர்கள் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது யார்?

"சிமெண்டுன்னா ஈரம் வேணும்," என்றான் கவுக்கோ. "நான் சுவத்துக்குச் சாக்கு நனைச்சுப் போடுறேன்ல, அந்த மாதிரி. வாய்ல தண்ணிய வெச்சுக்கிட்டே இரு. ஒரு லாபம், நீ பேசாம இருப்பே."

"குளுர்ல சிமெண்ட் இறுகாது. வெளிய மைனஸ் இருபது. நான் நாள் முழுக்க வாயத் தொறந்துக்கிட்டு இந்தச் சூடேறாத வீட்லதான் நிக்கிறேன்."

"நீ வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறது ஊருக்கே தெரியும்."

என்சியோ கணப்பின் முன் மண்டியிட்டான். அன்று அதற்கு முதல் தீ. புதுக் கணப்பில் எடுத்ததும் கட்டை கட்டையாக அடுக்கிக் கொளுத்தக் கூடாது. களிமண் சாந்துக்குள் நிற்கும் ஈரம் ஆவியாகிச் சுவரைப் பிளந்துவிடும். முதல் நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளி. மறுநாள் இன்னும் கொஞ்சம். அப்படியே ஏற்றிக்கொண்டு போய், கடைசியில்தான் முழுத் தீ. அவசரப்பட்ட வீட்டுக்காரர்கள் வெடித்த கணப்பைக் காட்டி அழுததை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். சுள்ளி பிடித்துக்கொண்டு மெலிதாக எரிந்தது. உள்ளங்கையைச் செங்கல்லின்மேல் வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பு வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது.

கை அங்கேயே இருக்க, நாக்கு தானாகப் போய்ப் பல்லைத் தொட்டது.

இதற்கும் அதுதான் வழி என்று தோன்றியது. பல்லுக்கும் சிறுதீ. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏற்றினால் உள்ளே வைத்தது பதமாக இறுகிவிடும். சுண்ணாம்போ சிமெண்டோ, சூடு எதற்கும் கெடுதல் செய்யாது. டாக்டர் எப்பவும் போல இருக்கத்தானே சொன்னாள்? காப்பி குடிப்பது எப்பவும் போலத்தானே?

*

முதல் நாள் காப்பியை ஆற விட்டுக் குடித்தான். சும்மா குடிக்கவில்லை. இடது பக்கம் ஒதுக்கி, பல்லின்மேல் நிற்க வைத்து, மெல்ல விழுங்கினான்.

அவன் மனைவி ஐலா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஆறிப்போன காப்பியக் குடிக்கிறவனா நீ? கொதிக்கக் கொதிக்க இல்லாட்டி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவியே."

"டாக்டர் சொன்னது."

"டாக்டர் ஆறின காப்பி குடின்னா சொன்னா?"

"சூட்டைப் பத்திரமாக் கையாளணும்னு." இது பொய் என்று அவனுக்கே முழுசாகத் தெரியவில்லை. டாக்டர் சொல்லியிருக்க வேண்டியதை அவளுக்குப் பதிலாகத் தான் சொன்னதாக நினைத்துக்கொண்டான்.

மறுநாள் இன்னும் கொஞ்சம் சூடு. அடுத்த நாள் அதைவிடக் கொஞ்சம். சர்க்கரைக் கட்டியை மட்டும் தொடவில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. வேலையிடத்தில் கழுத்துத் துணியை மூக்கு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டான். அங்கே கணப்பில் தினமும் சுள்ளி கூடிக்கொண்டே போனது. கணப்பு நன்றாக வந்தது. ஒரு கீறல் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க, பல்லும் நன்றாகத்தான் வந்துகொண்டிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

கணப்புக்கு முழுத் தீ போட்ட அன்று வீட்டுக்காரி எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். என்சியோ அதை ஆவி பறக்க வாய்க்குள் வாங்கி, இடது பக்கம் ஒதுக்கினான்.

வலி வந்தது. முதலில் ஒரு சுருக். பிறகு அது விரிந்தது. தாடை எலும்புக்குள் யாரோ உட்கார்ந்து ஆப்பு அடிப்பதுபோல, இதயம் துடிக்கும் தாளத்தில் துடித்தது. காப்பியை விழுங்கினான். வலி போகவில்லை. வீட்டுக்காரி கணப்பைப் பாராட்டிப் பேசினாள். அவன் தலையாட்டினான். வலி போகவில்லை. கருவிகளைச் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிய பிறகும் அது அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"என்னய்யா, மூஞ்சி சாம்பல் மாதிரி இருக்கு?" என்றான் கவுக்கோ.

"ஒண்ணுமில்ல."

"நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா கூரையே எறங்கியிருக்கும். பல்லா?"

என்சியோ சொன்னான். சுள்ளிக் கணக்கில் காப்பிச் சூட்டை ஏற்றியதையும் சேர்த்துச் சொன்னான். கவுக்கோ கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தே ஓட்டினான். கேலி வரும் என்று என்சியோ காத்திருந்தான். வரவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

"போன் பண்ணுய்யா," என்றான் கவுக்கோ கடைசியில்.

"பண்ணினா பிடுங்கிருவாங்க."

"பண்ணலேன்னா?"

என்சியோ வண்டியிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினான். வீட்டுக்குப் போனான். அன்று சனிக்கிழமை, ஐலா சௌனா என்னும் ஆவிக்குளியல் அறையைச் சூடேற்றி வைத்திருந்தாள். வராவிட்டால் சந்தேகப்படுவாள் என்று போய் உட்கார்ந்தான். கல்லின்மேல் தண்ணீர் ஊற்றியதும் எழுந்த ஆவி முகத்தில் மோதியபோது பல்வலி மறுபடி தலைதூக்கியது. என்சியோ வெளியே ஓடி, பனியை ஒரு பிடி அள்ளி வாய்க்குள் திணித்தான். ஈட்டி பாய்ந்ததுபோல் ஒரு குத்து. கண்ணில் நீர் வந்துவிட்டது. பனியைத் துப்பினான். குத்து போய்விட்டது, ஆனால் பழைய துடிப்பு அடியில் இருந்துகொண்டே இருந்தது. சூட்டிலும் வலி, குளிரிலும் வலி. இனி எங்கே போவது என்று வெற்று உடம்போடு பனியில் நின்றுகொண்டிருந்தவனை ஐலா கதவைத் திறந்து பார்த்தாள்.

"எத்தன நாளா இது?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னைலேருந்துதான்."

"திங்கக்கிழமை நானே போன் பண்றேன். நீ பண்ணினா நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சிருவே."

*

ஹென்ரீக்கா அவன் சொன்னதை முழுசாகக் கேட்டாள். கணப்பு, களிமண், சுள்ளி, காப்பி. நடுவில் ஒரு தடவை தூயிரே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். அவள் தோள் குலுங்கியது. ஹென்ரீக்கா சிரிக்கவில்லை.

"என்சியோ, அது ரெண்டுமே சூட்டுல இறுகுறது இல்ல. அன்னைக்கு நீங்க எழுந்து கோட்டு மாட்டுறதுக்குள்ளயே இறுகியிருக்கும். அதுக்கு மேல அடைப்பும் போட்டாச்சு. நீங்க காய வெச்சது சாந்த இல்ல, நரம்ப. ஏற்கெனவே அடிபட்டு வீங்கிக் கெடக்குறவன் மேல தினமும் வெந்நி ஊத்தியிருக்கீங்க."

என்சியோவுக்கு முகம் சுட்டது. "சிமெண்ட் கலக்குற சத்தம் கேட்டுச்சே, அதான்…"

"மேல போட்ட அடைப்பும் அதே மெஷின்லதான் குலுங்கும். நீங்க கேட்டது எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பல்லைத் தட்டிப் பார்த்தாள். ஈறை அழுத்திப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். என்சியோ அவள் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாய்ந்த சுவரைப் பார்க்கும் மேஸ்திரியின் புருவம்போல் இருந்தது அது.

"பிடுங்கணுமா?" என்று அவனே கேட்டான். காத்திருக்கத் தெம்பு இல்லை.

"இன்னைக்கு இல்ல. சூட்டுல வந்த வலி இப்போ இருக்கா?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து இல்ல. நான் எதையும் அந்தப் பக்கம் விடல."

"தானா வலிச்சுதா? தூக்கத்துல எழுப்பிச்சா?"

"தூங்கினாத்தானே எழுப்பறதுக்கு. பயத்துல முழிச்சுக்கிட்டுக் கெடந்தேன். வலி இல்ல."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "பாதிப் பாதி. பிழைக்கலாம், பிழைக்காமப் போகலாம். இப்போ சோதிக்கிறேன்னு நானும் ஒரு தடவ அடிச்சேன்னா நரம்புக்குத்தான் கெடுதல். அத விட்டுரணும். ஆறு வாரம். சூடு வேண்டாம், சில்லு வேண்டாம், நாக்கால தொட்டுத் தொட்டுப் பாக்க வேண்டாம். நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுமே இல்ல. கேக்குதா? ஒண்ணுமே இல்ல."

ஒன்றுமே செய்யாமல் இருப்பது எப்படி என்று என்சியோவுக்குத் தெரியாது. சாந்து பூசினால் சாக்கைப் போடுவார்கள், நனைப்பார்கள், முட்டுக் கொடுப்பார்கள், கை வைத்துப் பார்ப்பார்கள். சும்மா இரு என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அந்த ஆறு வாரமும் அவனுக்குக் கல் சுமந்ததைவிடக் கஷ்டமாகப் போனது. நாக்கு பல்லை நோக்கிப் போகும், இழுத்துப் பிடிப்பான். அண்ணனைப் போலக் கஞ்சி குடித்தான். மேசைக்கு எதிரே ஐலா ரொட்டியைக் கடிக்கும் சத்தம் கேட்கும்போது எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவான். அவளும் கடைசியில் அவனுக்காகவே ரொட்டியைச் சூப்பில் ஊற வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அதைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்தது. பல் வலித்ததா என்றால், வலிக்கவில்லை. ஆனால் வலிக்காததை எப்படி எடுத்துக்கொள்வது? அடங்கியதா, செத்ததா? செத்ததும் வலிக்காதே.

*

ஏரியில் பனி இளகிக் கறுத்து, கரையோரம் தண்ணீர் தெரிந்தபோது டாக்டரைப் பார்க்க வரச் சொல்லி அவனுக்குச் சீட்டு வந்தது. ஐலாவும் கூட வந்தாள். வெளியே உட்காரச் சொன்னதற்கு, "நான் உள்ளதான் நிப்பேன்," என்று சுவரோரம் நின்றுகொண்டாள்.

ஹென்ரீக்கா ஒரு பஞ்சுக் குச்சியில் எதையோ பீய்ச்சினாள். பஞ்சில் வெண்பனி பூத்தது.

"இத பல்லுமேல வெப்பேன். உணர்ந்தீங்கன்னா கைய தூக்குங்க. போனதும் எறக்குங்க. நெசத்தச் சொல்லுங்க, என்சியோ. எனக்குப் பிடிக்கும்னு தூக்காதீங்க."

"உணரலேன்னா?"

அவள் குச்சியைப் பல்லருகே கொண்டுவந்தாள். "அப்போ பேசுவோம்," என்றாள்.

குச்சி உள்ளே போனது. பல்லைத் தொட்டது தெரிந்தது. மரக்குச்சி தொட்டதுபோல, அவ்வளவுதான். என்சியோ கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் இல்லை. கண்ணுக்குள் இருட்டு. இன்னும் ஒன்றும் இல்லை. வாழ்நாளில் அவன் எதற்காகவும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. வலி, வா. வந்து தொலை.

வந்தது. மெல்லிய கம்பியால் குத்தியதுபோல, நேராக, சுத்தமாக. கை தானாக மேலே பறந்தது.

குச்சியை எடுத்துவிட்டாள்.  என்சியோவின் கை உயரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஹென்ரீக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் வடிந்தது. தூயிரே கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தாள்.

"இன்னும் இருக்கா?" என்றாள் ஹென்ரீக்கா மெதுவாக. "என்சியோ? இன்னும் வலிக்குதா?"

அவன் கண்ணைத் திறந்தான். எதற்கு எல்லோரும் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை.

"கைய எறக்கு, மனுஷா!" என்று சுவரோரத்திலிருந்து ஐலா கத்தினாள். "வலி போச்சா, இல்லியா?"

"அது வந்த கையோட போயிருச்சே," என்றான் என்சியோ. தலைக்கு மேல் நின்ற தன் கையை அண்ணாந்து பார்த்தான். யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துவிட்டு, மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.